பாலு மகேந்திரா: ஆறு தேசிய விருதுகளும் அவற்றில் இல்லாத ஒன்றும்

கேட்கப்பட்டது இதுதான்: ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான பாலு மகேந்திராவுக்கு ஐந்து தேசியத் திரைப்பட விருதுகள் என்று சில இடங்களில் இருக்கிறது, ஆறு என்று சில இடங்களில் இருக்கிறது. எது சரி? சிறந்த இயக்குநர் விருது அவருக்குக் கிடைத்ததா? விருதுகளை விடுங்கள், விமர்சகர்கள் அவரை எங்கே வைத்திருக்கிறார்கள்?

ஆறு என்பதே சரி. ஐந்து என்று எழுதியவர்களும் தவறாக எழுதிவிடவில்லை. அவர்கள் எழுதிய காலத்தில் அது ஐந்துதான். 2014 பிப்ரவரி 13 அன்று அவர் சென்னையில் காலமானார். இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில், 61ஆவது தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டபோது அவருடைய கடைசிப் படமான ‘தலைமுறைகள்’ அதில் இடம்பெற்றது. பேட்டிகள், இரங்கல் கட்டுரைகள், பழைய புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஐந்து என்று இருப்பதற்குக் காரணம் இதுதான். சிறந்த இயக்குநர் விருது அவருக்குக் கிடைக்கவே இல்லை. ‘தேசிய விருது பெற்ற இயக்குநர்’ என்று அவரை அறிமுகப்படுத்துவது சரிதான். ஆனால் அந்த ஆறில் ஒன்றுகூட இயக்கத்துக்கென்று தனியாகக் கொடுக்கப்பட்டதல்ல. அவரைப் பற்றி எழுதும் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம் இது.

வரிசையாகச் சொல்கிறேன். முதலாவது, அவர் இயக்கிய முதல் படமான ‘கோகிலா’. கன்னடப் படம், 1977. கமல்ஹாசன், ஷோபா நடித்தது. கருப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கான தேசிய விருது. இரண்டாவது, 1982இல் ‘மூன்றாம் பிறை’, அதுவும் ஒளிப்பதிவுக்கு. மூன்றாவது ‘வீடு’, சிறந்த தமிழ்ப் படம். நான்காவது ‘சந்தியா ராகம்’, குடும்ப நலம் குறித்த சிறந்த படம். ஐந்தாவது ‘வண்ண வண்ணப் பூக்கள்’, மறுபடியும் சிறந்த தமிழ்ப் படம். ஆறாவது ‘தலைமுறைகள்’, தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கீஸ் தத் விருது. இவை தவிர மாநில விருதுகள் உண்டு. இயக்குநராவதற்கு முன்பே, 1974இல், ராமு காரியட்டின் ‘நெல்லு’ மலையாளப் படத்துக்காகக் கேரள அரசின் சிறந்த ஒளிப்பதிவாளர் விருதை வாங்கியவர் அவர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவில் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தவருக்கு அது முதல் பெரிய வாய்ப்பு.

ஆண்டுக் கணக்கில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ‘வீடு’ 1987ஆ 1988ஆ, ‘வண்ண வண்ணப் பூக்கள்’ 1991ஆ 1992ஆ என்று பட்டியலுக்குப் பட்டியல் மாறும். தேசிய விருதுக்குப் படம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதைத் தணிக்கைச் சான்றிதழின் தேதிதான் முடிவுசெய்கிறது, தியேட்டருக்கு வந்த தேதி அல்ல. டிசம்பரில் தணிக்கையாகி ஜனவரியில் வெளியான படம் முந்தைய ஆண்டுக் கணக்கில் போட்டியிடும். விருது வழங்கப்படுவதும் பெரும்பாலும் படம் வெளியான அந்த அடுத்த ஆண்டில்தான். ஆக ஒரே விருதுக்கு இரண்டு ஆண்டுகளில் எதை வேண்டுமானாலும் ஒருவர் எழுதிவிட முடியும். எளிய வழி ஒன்று உண்டு: விருதின் வரிசை எண்ணோடு 1952ஐக் கூட்டினால் படத்தின் ஆண்டு கிடைக்கும். 25ஆவது விருது 1977ஆம் ஆண்டுப் படங்களுக்கு, 35ஆவது 1987க்கு, 39ஆவது 1991க்கு, 61ஆவது 2013க்கு. ஒரு கட்டுரையில் ஆண்டும் எண்ணும் இந்தக் கணக்குக்குள் வரவில்லை என்றால், அதன் மற்றத் தகவல்களையும் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு விஷயம். நடுவர் குழு நாட்டில் வந்த எல்லாப் படங்களையும் தேடிப் பிடித்துப் பார்ப்பதில்லை. விண்ணப்பம் போட்டு, ஆங்கில சப்டைட்டிலோடு அனுப்பப்பட்ட படங்களைத்தான் பார்க்கிறது. தயாரிப்பாளர் அனுப்பாவிட்டால் படம் போட்டியிலேயே இல்லை. ‘இந்தப் படத்துக்கு ஏன் கிடைக்கவில்லை’ என்று வாதம் தொடங்குவதற்கு முன், அது அனுப்பப்பட்டதா என்று கேட்டாக வேண்டும். இதைக் கேட்காமலேயே நடுவர்கள் மீது பழி போடப்படுவது நம் ஊரில் சர்வ சாதாரணம்.

இனி படங்களுக்கு வருவோம். ‘மூன்றாம் பிறை’ அவருடைய பெயரை எல்லா வீடுகளுக்கும் கொண்டுபோன படம். 30ஆவது தேசிய விருதில் ஒளிப்பதிவுக்கு அவர், நடிப்புக்குக் கமல்ஹாசன். கமலுக்குச் சிறந்த நடிகர் என்ற வகையில் அதுதான் முதல் தேசிய விருது. ஸ்ரீதேவிக்கு அந்தப் படத்துக்காகக் கிடைக்கவில்லை. அவருக்குத் தேசிய விருது வந்தது 2018இல், ‘மாம்’ இந்திப் படத்துக்காக, அவர் மறைந்த பிறகு. ‘மூன்றாம் பிறை’யை இன்று கொண்டாடுகிறவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று, அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குப் போகவில்லை என்பது. அது கே. ஹரிஹரனின் ‘ஏழாவது மனிதன்’ படத்துக்குப் போனது. சிறந்த இயக்குநர் விருது ‘சோக்’ வங்காளப் படத்துக்காக உத்பலேந்து சக்ரவர்த்திக்கு.

அன்றைய விமர்சகர்கள் ‘மூன்றாம் பிறை’யை முழு மனதோடு ஏற்காததற்கு ஒரு காரணம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. சில்க் ஸ்மிதா வரும் கிளைக்கதையும் ‘பொன்மேனி உருகுதே’ பாட்டும் மையக் கதையோடு ஒட்டவில்லை என்ற குறை அப்போதும் சொல்லப்பட்டது, இப்போதும் சொல்லப்படுகிறது. அந்தக் குறை நியாயமானது என்பதே என் கருத்தும். படத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்த கடைசிக் காட்சியைப் பாருங்கள். மழை, சேறு, சாம்பல் நிற வானம். எங்கும் பளிச்சென்ற வெளிச்சம் கிடையாது. ரயில் பெட்டிக்குள் இருக்கும் நாயகிக்கு (ஸ்ரீதேவி) இழந்த நினைவு திரும்பிவிட்டது, இதுவரை தன்னைப் பார்த்துக்கொண்ட நாயகனை (கமல்) அவளுக்குத் தெரியவில்லை. அவன் ஜன்னலுக்கு வெளியே, அவர்கள் விளையாடிய குரங்கு விளையாட்டை ஆடிக் காட்டுகிறான், பானையைத் தலையில் வைத்துக் குட்டிக்கரணம் போடுகிறான், ஓடும் ரயிலோடு ஓடிக் கம்பத்தில் மோதி விழுகிறான். கமலின் நடிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்த நடிப்பு மிகையாகத் தெரியாமல் காப்பாற்றுவது அந்த மங்கிய, நிழல் விழாத வெளிச்சம். அதே காட்சியைக் கொளுத்தும் வெயிலில் எடுத்திருந்தால் அந்தக் குட்டிக்கரணம் சிரிப்பைத்தான் வரவழைத்திருக்கும். ஒளிப்பதிவு விருது என்பதை ‘அழகான ஊட்டி’க்குக் கிடைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. வெளிச்சம் ஒரு நடிகனுக்கு என்ன செய்யும் என்பதைத் தெரிந்து வைத்திருந்ததற்கு அது கிடைத்தது.

இந்த விருது அவருக்கு ஒரு முத்திரையையும் குத்தியது. ‘கேமராமேன் டைரக்ட் செய்த படம்’ என்ற பார்வையிலிருந்து பலரால் அதன்பின் வெளியே வர முடியவில்லை. ‘முள்ளும் மலரும்’, ‘சங்கராபரணம்’, மணிரத்னத்தின் முதல் படமான ‘பல்லவி அனு பல்லவி’ என்று பிறர் படங்களுக்கும் அவர் ஒளிப்பதிவு செய்திருந்ததால் அந்த முத்திரை இன்னும் அழுத்தமாக விழுந்தது.

அதைத் துடைத்த படம் ‘வீடு’. 35ஆவது தேசிய விருதில் இது சிறந்த தமிழ்ப் படம். அர்ச்சனா சிறந்த நடிகை. இந்த முடிவின் கனம் புரிய வேண்டுமென்றால் அந்த ஆண்டு எதிரில் எது இருந்தது என்று பார்க்க வேண்டும். ‘நாயகன்’. அதே 35ஆவது விருதில் ‘நாயகன்’ படத்துக்காகக் கமல்ஹாசன் சிறந்த நடிகர், பி.சி. ஸ்ரீராம் சிறந்த ஒளிப்பதிவாளர், தோட்டா தரணி சிறந்த கலை இயக்குநர். தொழில்நுட்பமும் நடிப்பும் அங்கே, படம் என்ற விருது இங்கே. தமிழின் மிகப் பெரிய படங்களில் ஒன்று போட்டியில் இருந்த ஆண்டில், பாட்டு இல்லாத, பெரிய நட்சத்திரம் இல்லாத, ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டும் கதையை நடுவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அது சரியான முடிவு என்று உறுதியாகச் சொல்வேன்.

ஏன் என்பதற்குப் படத்தையே சாட்சியாக வைக்கலாம். வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். வீட்டில் சுதா (அர்ச்சனா), தங்கை, தாத்தா. கையில் இருக்கும் இரண்டு மனையில் ஒன்றை விற்று, அலுவலகத்தில் கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்குகிறார்கள். காண்ட்ராக்டர் சிமெண்டைத் திருடுகிறார். அதைத் தட்டிக் கேட்பது கொத்து வேலைக்கு வந்த மங்கம்மா. இது எதுவும் திடுக்கிடும் திருப்பமாகக் காட்டப்படுவதில்லை. வீடு கட்டுகிறவர்களுக்கு என்னவெல்லாம் நடக்குமோ அது அதே வரிசையில் நடக்கிறது. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போகிறாரே, அந்தக் காட்சிக்காகவே படத்தை எத்தனை முறையும் பார்க்கலாம். பூசாத சுவரைத் தடவிப் பார்க்கிறார், அறை அறையாக நடக்கிறார். வசனம் கிடையாது. பின்னால் இளையராஜாவின் இசை, அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்துப் படத்துக்குப் பயன்படுத்தியது. திரும்பி வரும் வழியில் அவர் இறந்துபோகிறார். பிறகுதான் அந்த நிலமே குடிநீர் வாரியம் கையகப்படுத்தியது என்ற செய்தி வருகிறது. வீடு முடிவதில்லை. படம் அங்கேயே நின்றுவிடுகிறது.

தன் படங்களில் மிகக் குறைந்த சமரசங்களோடும் தவறுகளோடும் எடுத்தவை ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ இரண்டும்தான் என்று பாலு மகேந்திரா பல இடங்களில் சொல்லியிருக்கிறார். விமர்சகர்களின் முடிவும் ஏறக்குறைய அதுவே. ரசிகர்கள் ‘மூன்றாம் பிறை’யைச் சொல்வார்கள், எழுதுகிறவர்கள் ‘வீடு’ என்பார்கள்.

‘சந்தியா ராகம்’ இன்னும் விநோதமான கதை. கிராமத்தில் மனைவியை இழந்த முதியவர் சென்னையில் தம்பி மகன் வீட்டுக்கு வருகிறார். அது இருக்கிறவர்களுக்கே போதாத வீடு. மறுபடியும் சொக்கலிங்க பாகவதர், அர்ச்சனா. கூட ஓவியர் வீர சந்தானம். தூர்தர்ஷனுக்காக எடுக்கப்பட்டது. முதுமையையும் வறுமையையும் ஒரே வீட்டுக்குள் வைத்துப் பார்க்கும் இந்தப் படத்துக்குக் கிடைத்தது ‘குடும்ப நலம்’ என்ற வகையில். அந்த வகையின் பெயரைக் கேட்டால் பிரச்சாரப் படம் போலத் தோன்றும். படத்தில் பிரச்சாரம் ஒரு வரி கிடையாது. அதே 37ஆவது விருதில் (1989ஆம் ஆண்டுப் படங்கள்) சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானது பார்த்திபனின் ‘புதிய பாதை’.

இதையும் 2013ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 61ஆவது விருதில் சிறந்த தமிழ்ப் படம் ராமின் ‘தங்க மீன்கள்’; ‘தலைமுறைகள்’ படத்துக்கு ஒருமைப்பாட்டு விருது. ஒரு மொழிக்கு ஒரு விருதுதான். அந்த இடத்துக்கு இரண்டு நல்ல தமிழ்ப் படங்கள் வந்துவிட்டால், கருப்பொருள் சார்ந்த வகைகள் இரண்டாவது படத்துக்கும் இடம் கொடுக்கின்றன. இரண்டு முறையும் அந்த இரண்டாவது இடம் பாலு மகேந்திராவுக்கு வந்தது. இது நடுவர்கள் வெளியே சொன்ன காரணம் அல்ல, பட்டியலைப் பார்த்து நான் எடுக்கும் முடிவு. ஆனால் இதை இரண்டாம் தர விருது என்று எண்ணிவிட வேண்டாம். 61ஆவது விருதில் மொழிவாரிப் படத்துக்கு வெள்ளித் தாமரைப் பதக்கத்தோடு 1,00,000 ரூபாய், நர்கீஸ் தத் விருதுக்கு வெள்ளித் தாமரையோடு 1,50,000 ரூபாய். பண மதிப்பில் அது ஒரு படி மேல். ராம் அவரிடம் உதவியாளராக இருந்தவர் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்த ஆண்டுத் தமிழுக்கு வந்த இரண்டு முக்கிய விருதுகளும் ஒரே பட்டறையிலிருந்து போயிருக்கின்றன.

‘வண்ண வண்ணப் பூக்கள்’ பற்றி அதிகம் சொல்ல இல்லை. கலைப்புலி தாணு தயாரித்து, பிரசாந்த் நடித்தது. ஆறில் மிகக் குறைவாக நினைவுகூரப்படுவது இதுதான். அதே 1991இன் படங்கள் என்றால் ‘தளபதி’யும் ‘குணா’வும்தான் இன்று பேச்சில் இருக்கின்றன. விருது ஒரு படத்தைக் காலம் கடந்து நிறுத்திவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிறந்த இயக்குநர் விருது ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு, அவரை மட்டும் வைத்துப் பதில் தேடினால் கிடைக்காது. ஒரு தமிழ்ப் படத்துக்காக அந்த விருதை முதலில் வாங்கியவர் அகத்தியன், 1996இன் ‘காதல் கோட்டை’க்காக. அதற்கு முன் பாலசந்தர், பாரதிராஜா, மகேந்திரன் என்று யாருக்குமே தமிழ்ப் படத்துக்காக அது வரவில்லை. பாலு மகேந்திராவின் முக்கியமான படங்கள் எல்லாம் அந்தக் காலத்துக்குள் அடங்கிவிட்டன. ‘வீடு’ போட்டியிட்ட ஆண்டில் அந்த விருது ‘அனந்தரம்’ படத்துக்காக அடூர் கோபாலகிருஷ்ணனுக்கு. ‘வண்ண வண்ணப் பூக்கள்’ ஆண்டில் ‘ஆகந்துக்’ படத்துக்காக சத்யஜித் ராய்க்கு. வலுவான போட்டி என்பது ஒரு பக்கம். பாட்டும் நகைச்சுவையும் கலந்த தமிழ் வணிகப் படத்தைப் பார்க்கும்போது ‘இயக்கம்’ என்பதைத் தனியாக எடைபோட அன்றைய நடுவர்கள் தயங்கினார்கள் என்பது இன்னொரு பக்கம். ‘வீடு’ அந்தக் கலவையில் இல்லாத படம், அதனால்தான் அதற்கு வராதது மனத்தை உறுத்துகிறது.

அந்த விருது பிறகு அவருடைய சீடர்களிடம் வந்து சேர்ந்தது. 2008ஆம் ஆண்டுப் படங்களில் ‘நான் கடவுள்’ படத்துக்காக பாலா. 2010இல் ‘ஆடுகள’த்துக்காக வெற்றிமாறன். இருவரும் அவருக்குக் கீழே வேலை கற்றவர்கள்.

விமர்சனத்தில் அவர் மீது தொடர்ந்து வைக்கப்பட்ட குற்றச்சாட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. அவருடைய படங்களில் கணிசமானவை வெளிநாட்டுப் படங்களிலிருந்தும் நாவல்களிலிருந்தும் எடுத்த கருவை வைத்தவை. ‘மூடுபனி’யில் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’, ‘ஓளங்கள்’ மலையாளப் படத்தில் எரிக் சீகலின் நாவல், ‘ஜூலி கணபதி’யில் ஸ்டீபன் கிங்கின் ‘மிசரி’. ‘மறுபடியும்’ வேறு வகை. அது மகேஷ் பட்டின் ‘அர்த்’ படத்தின் ரீமேக். என் பார்வையில், இந்தப் பட்டியலை வைத்து அவரை நிராகரிப்பதும் தவறு, பட்டியலே இல்லாததுபோல் எழுதுவதும் தவறு. கருவை வாங்கியிருந்தாலும் ‘ஓளங்கள்’ படத்தின் வீடும் குழந்தையும் வெளிச்சமும் கேரளத்துடையவை. ‘ஜூலி கணபதி’யில் அந்த மாற்றம் நடக்கவில்லை, கதை அந்நியமாகவே நிற்கிறது. அவருடைய உச்சம் என்று எல்லோரும் சொல்லும் படம் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது என்பது தற்செயல் அல்ல: சிறுவயதில் வீடு கட்டத் தொடங்கியதும் தன் அம்மா எப்படி மாறிப்போனார் என்பதிலிருந்துதான் ‘வீடு’ பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கடைசியாக, இந்தப் படங்களைப் பார்த்து நீங்களே முடிவுக்கு வர நினைத்தால் ஓர் எச்சரிக்கை. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ உள்ளிட்ட தன் படங்களின் நெகட்டிவ் இன்று இல்லை என்று அவர் வாழ்நாளின் கடைசி ஆண்டுகளில் மேடைக்கு மேடை வருந்தினார். தமிழ்நாட்டுக்கென்று ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அசிடேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்தால் வினிகர் வாடை அடித்துச் சுருங்கும். வண்ணப் பிரதியில் நீலப் பச்சைச் சாயம் முதலில் மங்கி, படம் முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். நாம் இணையத்தில் பார்க்கும் பிரதிகள் பெரும்பாலும் இப்படி மங்கிய பிரிண்டிலிருந்தோ பழைய வீடியோ டேப்பிலிருந்தோ எடுத்தவை. இரண்டு முறை ஒளிப்பதிவுக்கு விருது வாங்கியவரின் வேலையை அதை வைத்து எடைபோடக் கூடாது. நிறத்தை விட்டுவிட்டு, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, முகத்தின் எந்தப் பாதி நிழலில் இருக்கிறது, ஜன்னலுக்கும் ஆளுக்கும் எவ்வளவு தூரம், ஷாட் எவ்வளவு நேரம் வெட்டாமல் நிற்கிறது என்று பாருங்கள். எவ்வளவு மோசமான பிரதியிலும் இவை நான்கும் தெரியும். முதலில் ‘வீடு’, அடுத்து ‘மூன்றாம் பிறை’, பிறகு ‘சந்தியா ராகம்’ என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. ‘மூன்றாம் பிறை’யிலிருந்து தொடங்கினால் அந்தப் பாட்டும் கண்ணீரும் மற்ற இரண்டையும் வறண்ட படங்களாகக் காட்டிவிடும்.